கொழும்புக் காற்றில் விண்வெளி வீரர்களுக்கு வர்ணம் பூசுவது: முழுமையான வழிகாட்டி

மினியேச்சர், அதாவது மேசை விளையாட்டுக்கான சின்ன வீரர் உருவங்கள், பூசக் கற்றுத்தரும் காணொளிகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டு அறைகளில் எடுக்கப்பட்டவை. அவற்றில் சொல்லப்படும் காயும் நேரம், ஸ்ப்ரே அடிக்கும் முறை, வார்னிஷ் போடும் முறை எல்லாம் அந்த அறைக் காற்றுக்குச் சரி. கொழும்பில் வெப்பநிலை ஆண்டு முழுக்க 27, 28 பாகையைச் சுற்றியே நிற்கும். காற்றின் ஈரப்பதன் பெரும்பாலான நாட்களில் 70 சதவீதத்தைத் தாண்டும். இந்தக் காற்று ஸ்ப்ரே டப்பாவுக்கு எதிரி, தூரிகைக்கு நல்ல நண்பன். வெள்ளவத்தையில் கடற்கரைக்குக் கிட்ட, ஒரு தொடர்மாடி வீட்டில் இருந்து பூசிப் பூசி நான் வந்து சேர்ந்த முடிவு இது. ஆகவே கீழே வரும் முறை முழுவதும் தூரிகையை நம்பியது. ஸ்ப்ரேயும், காற்றழுத்தத்தால் பெயின்ட் பீச்சும் ஏர்பிரஷும் இல்லாமலே மேசையில் வைத்து விளையாடுவதற்கு மிக வடிவான ஒரு படையைச் செய்து முடிக்கலாம்.

முதலில் எந்த உருவம்?

அறிவியல் புனைவு விளையாட்டுகளில் எல்லோருக்கும் தெரிந்தது வார்ஹாமர் 40,000. இங்கிலாந்தின் நொட்டிங்ஹாமில் இயங்கும் கேம்ஸ் வேர்க்ஷொப் நிறுவனம் 1987 இல் அதை வெளியிட்டது. அதன் உருவங்கள் பெரும்பாலும் கடினமான பொலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கில், ஸ்ப்ரூ என்கிற சட்டத்தில் துண்டு துண்டாக வரும். ஸ்பெயினின் கோர்வஸ் பெல்லி வெளியிடும் இன்பினிட்டி விளையாட்டின் உருவங்கள் உலோகத்தில் வந்து பெயர் பெற்றவை. மெலிந்த உடல், நுணுக்கமான விவரங்கள். இவை தவிர, முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் ரெசினில் எடுத்த உருவங்களும் இப்போது நிறையக் கிடைக்கின்றன.

தொடங்குபவருக்கு என் சிபாரிசு, முழுக் கவசம் அணிந்த ஒரு பிளாஸ்டிக் வீரன், அதுவும் தலைக்கவசத்தோடு. முகமும் கண்ணும் பூசுவது தனிக் கலை. அதை ஐந்தாறு உருவங்களுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நிறத்தைப் பொறுத்தவரை நீலம், பச்சை, கடும் சிவப்பு நல்லது. மஞ்சளையும் வெள்ளையையும் தொடக்கத்தில் தவிர்த்துவிடுங்கள். அவை கீழே உள்ள நிறத்தை மூடுவதற்குப் பல படை பூச்சு தேவைப்படும், பொறுமை போய்விடும்.

சாமான் சேர்ப்பது

கருவிகளுக்கு வெளிநாடு போகத் தேவையில்லை. சின்னக் குறடு, சிறிய அரங்கள், தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் சாண்ட் பேப்பர் ஆகியவை புறக்கோட்டை ஹாட்வெயார் கடைகளில் கிடைக்கும். நுனி கூரான சாமணமும் உருப்பெருக்கிக் கண்ணாடியும் வேண்டுமானால் செட்டியார் தெருப் பக்கம் நகைவேலைச் சாமான் விற்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள். தட்டாருக்கும் நமக்கும் வேலை ஒன்றுதான்: சின்னப் பொருளை நடுங்காமல் பிடிப்பது.

பெயின்ட்தான் சிக்கல். ஓவியக் கடையில் வாங்கும் மாணவர் தர அக்ரிலிக்கில் நிறத்தூள் பருமனாகவும் குறைவாகவும் இருக்கும். மெல்லிதாகக் கரைத்தால் மூடாது, தடிப்பாகப் பூசினால் விவரம் அடைபட்டுவிடும். மினியேச்சருக்கென்றே செய்த பெயின்ட் வேண்டும்: கேம்ஸ் வேர்க்ஷொப்பின் சிட்டடெல், ஸ்பெயினின் வயேஹோ, டென்மார்க்கின் ஆர்மி பெயின்டர் போன்றவை. எனக்கு வயேஹோவின் சொட்டுப் போத்தல்கள் பிடிக்கும். மூடியைத் திறந்து வைத்துப் பூசும் சிட்டடெல் டப்பா நம் வெக்கையில் விளிம்பில் காய்ந்து, பிறகு சரியாக மூடாமல் போகும்.

நம்மில் பலருக்கு இவை வருவது லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருந்து வரும் சித்தப்பா, மாமியின் பெட்டியில்தான். ஒன்றைக் கவனியுங்கள். ஸ்ப்ரே பெயின்ட் டப்பாவை விமானத்தில் கொண்டுவர முடியாது; கையில் கொண்டுபோகும் பையிலும் அனுமதியில்லை, சரக்கில் போடும் பெட்டியிலும் இல்லை. மெல்லிய பிளாஸ்டிக் சிமென்ட்டும் தீப்பிடிக்கும் திரவம் என்பதால் அதே கதைதான். தண்ணீரில் கரையும் அக்ரிலிக் போத்தல்களுக்கு அந்தத் தடை இல்லை. கசியாமல் பையில் கட்டி, சரக்குப் பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள்.

முதல் பட்டியல் சின்னதாக இருக்கட்டும். தூரிகையால் பூசும் சாம்பல் பிரைமர் (மற்ற நிறங்கள் பிடிக்க முதலில் போடும் அடிப்பூச்சு), கறுப்பு, தந்த வெள்ளை, கவசத்துக்கு முக்கிய நிறம் ஒன்றும் அதன் வெளிர் நிறம் ஒன்றும், கடும் பழுப்பு, செம்மஞ்சள், சிவப்பு, வெள்ளி, பித்தளை, கறுப்பு வாஷ், பழுப்பு வாஷ் (பள்ளங்களுக்குள் ஓடும் நீர்த்த நிறம்), மங்கல் வார்னிஷ். இவ்வளவும் இருந்தால் ஒரு படைக்கே போதும். பெயின்ட்டைக் கலக்கிவிட போத்தலுக்குள் குண்டு போடுவதென்றால் துருப்பிடிக்காத எஃகு அல்லது கண்ணாடி மணியே போடுங்கள். சாதாரண இரும்புக் குண்டு உள்ளேயே துருப்பிடித்து நிறத்தைக் கெடுத்துவிடும்.

தூரிகைகளில் ஒன்றுக்கு மட்டும் காசைச் செலவழியுங்கள்: கொலின்ஸ்கி என்கிற கீரி போன்ற விலங்கின் ரோமத்தில் செய்த 1 ஆம் இலக்கத் தூரிகை. மிகச் சின்னத் தூரிகைதான் நுணுக்கம் தரும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் நுணுக்கம் நுனியில் இருக்கிறது. 1 ஆம் இலக்கத்தின் வயிற்றில் பெயின்ட் நிற்கும், நுனிக்கு ஒரே சீராக இறங்கும். மிகச் சின்னதில் இருக்கும் துளி கண்ணாடியைச் சரிசெய்யும் முன்னே காய்ந்துவிடும். டிரை பிரஷ் (உலர்ந்த தூரிகையால் தடவுவது), பசை, மண் வேலைகளுக்கு மலிவான செயற்கை ரோமத் தூரிகைகள் போதும்.

மேசை

வெள்ளை எல்ஈடி விளக்கு, 5000 முதல் 6500 கெல்வின் வரை. மஞ்சள் பல்பின் கீழ் பூசிய நீலம் பகலில் வேறு நிறமாகத் தெரியும். உருவத்தைக் கையால் நேரே பிடிக்காதீர்கள். விரல் வியர்வையின் எண்ணெய் பெயின்ட்டைத் தேய்த்துவிடும். காலியான மருந்துப் போத்தலின் மூடியில் புளூ டேக் என்கிற ஒட்டும் களிம்பை வைத்து ஒட்டிப் பிடியுங்கள்.

இனி மின்விசிறி. பூசும்போது அதை நிறுத்திவிடுங்கள். வியர்க்கும், உண்மைதான். ஆனால் கூரை விசிறியின் காற்று தூரிகை நுனியை உடனே காயவைக்கும், தூசியையும் கொண்டுவந்து சேர்க்கும். தாங்க முடியாவிட்டால் ஒரு சின்ன மேசை விசிறியைக் காலடியில் வையுங்கள்.

வெட்டுவதும் ஒட்டுவதும்

துண்டுகளைச் சட்டத்தில் இருந்து சற்றுத் தள்ளி வெட்டி, மிச்சத்தைக் கத்தியால் சீவுங்கள். அச்சின் இரு பாதியும் சேர்ந்த இடத்தில் ஒரு மெல்லிய கோடு ஓடும். கத்தியின் பின்பக்கத்தால் அதைச் சுரண்டிவிடுங்கள். சோம்பலில் விட்டால் பூசிய பிறகு அந்தக் கோடுதான் முதலில் கண்ணில் படும். பிறகு பாத்திரம் கழுவும் திரவத்தில் பழைய பல் தூரிகையால் கழுவி உலரவிடுங்கள். ரெசின் உருவமானால் இது கட்டாயம், கூடவே தேய்க்கும்போது முகமூடியும் கட்டாயம். ரெசின் தூளைச் சுவாசிக்கக் கூடாது.

பிளாஸ்டிக் சிமென்ட் கிடைத்தால் நல்லது. அது பொலிஸ்டைரீனைக் கரைத்து இரு துண்டையும் ஒன்றாக்கிவிடும். உலோகத்துக்கும் ரெசினுக்கும் அது வேலை செய்யாது. எல்லாவற்றுக்கும் பொதுவானது சூப்பர் குளூ. அது காற்றில் உள்ள ஈரத்தை எடுத்துத்தான் இறுகும், ஆகவே நம் ஊரில் மிகக் கெதியாகப் பிடிக்கும். அதே ஈரம் மூட்டைச் சுற்றி வெள்ளைப் படலமாகவும் படியும், திறந்த குழாயையும் சீக்கிரம் கல்லாக்கும். துளி குறைவாக வையுங்கள். குழாயை சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். வெளியே எடுத்தால் அறை வெப்பத்துக்கு வந்த பிறகே திறக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே நீர் படியும்.

துப்பாக்கி மார்பை மறைக்கும் உருவங்களில் கையைத் தனியாக வைத்துப் பூசிவிட்டு ஒட்டலாம். தூரிகை போகாத இடம் பெரும்பாலும் கண்ணும் போகாத இடம்தான், எல்லாவற்றையும் பிரிக்கத் தேவையில்லை.

பிரைமர்

இங்கேதான் கொழும்பு மற்ற ஊர்களில் இருந்து பிரிகிறது. ஸ்ப்ரே டப்பாவில் இருந்து வரும் கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிரும். ஈரம் நிறைந்த காற்றில் அந்தக் குளிர்ந்த படலத்தில் நீர் படிந்து வெண்மை பூக்கும். மறுபக்கம், வெக்கையில் பெயின்ட் துளி உருவத்தைத் தொடும் முன்னே அந்தரத்தில் பாதி காய்ந்து, மணல் ஒட்டியது மாதிரி சொரசொரப்பாகப் படியும். ஒரே நாளில் இரண்டும் நடக்கலாம்.

கையில் ஏற்கெனவே ஸ்ப்ரே இருந்து, அடித்தே ஆகவேண்டுமென்றால் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். விடியற்காலை குளிர்ச்சியாக இருக்கிறதே என்று மொட்டை மாடிக்குப் போகாதீர்கள், ஈரப்பதன் உச்சத்தில் நிற்பது அப்போதுதான். வெயில் நாளில் நண்பகல் தாண்டிய ஓரிரு மணிநேரமே நல்லது, நேர் வெயிலில் இல்லாமல் நிழலில். ஆண்டில் சிறந்த காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. மே மாதமும் ஒக்டோபர், நவம்பரும் வேண்டாம்.

தூரிகையால் பூசும் பிரைமருக்கு இந்தக் கணக்கெல்லாம் தேவையில்லை. நனைத்துப் பிழிந்த அகலத் தூரிகையில் கொஞ்சம் எடுத்து, ஒரு பகுதியில் வைத்து, குழிகளில் தேங்காதபடி இழுத்து விடுங்கள். முதல் படையில் பிளாஸ்டிக் அங்கங்கே தெரிந்தால் பயப்பட வேண்டாம். காய்ந்த பிறகு இரண்டாம் படை மூடும். ஈரமாக இருக்கும்போது தூரிகைத் தடம் தெரிந்தாலும் காயும்போது அது சுருங்கி மட்டமாகிவிடும். ஒரு முழு நாள் விடுங்கள். தொட்டால் காய்ந்தது போலிருக்கும் படலம் உள்ளே இறுகவில்லை என்றால், நகம் பட்டதும் தோலாக உரியும். மழைக்காலத்தில் இரண்டு நாள்.

சாம்பல் பிரைமர் இறுகியதும் தந்த வெள்ளையை உலர்ந்த தூரிகையில் தொட்டு, கடதாசியில் பெரும்பகுதியைத் துடைத்துவிட்டு, மேலிருந்து கீழாக மட்டும் உருவத்தின் மேல் தடவுங்கள். தோள், தலைக்கவச உச்சி, முழங்கால் வெளிறும், அடிப்பக்கம் கருமையாக நிற்கும். வெளிச்சம் எங்கே விழுகிறது என்ற வரைபடம் இப்போது உருவத்திலேயே இருக்கிறது. சிட்டடெல் 2019 இல் கொண்டுவந்த கொன்ட்ராஸ்ட் வகைப் பெயின்ட் உங்களிடம் இருந்தால், இந்த வரைபடத்தின் மேல் ஒரு படை பூசினாலே நிறமும் நிழலும் சேர்ந்து வந்துவிடும். நிறைய வீரர்கள் உள்ள படையைச் சீக்கிரம் முடிக்க அதுவே வழி.

பெயின்ட்டைக் கரைப்பது

மூடியுள்ள தட்டையான சாப்பாட்டுப் பெட்டியில் ஸ்பொஞ்ச் துணியை விரித்து நனைத்து, அதன் மேல் கேக் சுடும் பேக்கிங் பேப்பரை வையுங்கள். மெழுகுக் கடதாசி சரிவராது, அதற்குள்ளால் ஈரம் ஏறாது. பெயின்ட் இதில் மணிக்கணக்காகக் காயாமல் இருக்கும். ஆனால் நம் காலநிலையில் மூடிய பெட்டிக்குள் பூஞ்சணம் வரும், ஆகவே ஓரிரு நாளுக்கு ஒருமுறை ஸ்பொஞ்சைக் கழுவி, கொதித்து ஆறிய தண்ணீர் விடுங்கள்.

தண்ணீர் எவ்வளவு? அளவு சொல்வதைவிட ஒரு சோதனை சொல்கிறேன். கட்டைவிரல் நகத்தில் ஒரு கோடு இழுங்கள். தூரிகை போன தடம் கீறலாகத் தெரிந்தால் தடிப்பு. கோடு பரந்து நகத்தின் ஓரத்துக்கு ஓடினால் தண்ணீர் கூட. இழுத்த இடத்தில் நின்று, நகம் மங்கலாகத் தெரிந்தால் சரி. அப்படி இரண்டு மூன்று படை போட்டால்தான் நிறம் வடிவாக மூடும்.

கவசம்: நிழலும் வெளிச்சமும்

செட்டியார் தெருவில் நின்று கதிரேசன் கோயில் கோபுரத்தை அண்ணாந்து பாருங்கள். சிலைகளின் கண்ணைச் சுற்றி அழுத்தமான கறுப்புக் கோடு, ஆடை மடிப்பில் கடும் நிறம், நகையில் பளிச்சென்ற மஞ்சள். கிட்டப் போனால் மிகையாகத் தெரியும், தெருவில் இருந்து பார்ப்பவருக்கு அதுதான் உயிர். மேசை உருவத்துக்கும் அதே விதி. 28 மில்லிமீற்றர் உயர உருவத்தில் அறை வெளிச்சம் போதிய நிழலை உண்டாக்காது, பார்ப்பவரும் ஒரு கை தூரத்தில்தான் இருப்பார். நிழலையும் வெளிச்சத்தையும் நாம்தான் மிகையாகப் பூசவேண்டும். பூசும்போது கை நீட்டி அடிக்கடி தூரத்தில் வைத்துப் பாருங்கள்.

முக்கிய நிறத்தைப் பூசி முடித்ததும் வாஷ். இது நீர்த்த கடும் நிறம், பள்ளங்களுக்குள் தானே ஓடும். துணி, உரோமம், குழாய் போன்றவற்றில் தாராளமாக விடலாம். தட்டையான கவசத்தில் அப்படி விட்டால் காயும்போது விளிம்பில் கறை வட்டம் விழும். ஆகவே தகடுகள் சேரும் கோட்டிலும் ஆணியைச் சுற்றியும் மட்டும் நுனியால் விடுங்கள். வழிந்ததை ஈரத் தூரிகையால் உடனே எடுத்துவிடுங்கள். அரை மணியில் காயும் என்று போத்தலுக்குரிய அறிவுரை சொல்லும். இங்கே விசிறி நின்றிருக்கும் மழை நாளில் அதை நம்ப வேண்டாம். பளபளப்பு முழுவதும் போனால்தான் காய்ந்தது. பாதி காய்ந்ததைத் தொட்டால் படலம் கிழியும். இரவில் வாஷ் விட்டுவிட்டுப் படுக்கப் போவதே என் வழக்கம்.

அடுத்ததுதான் நம் காற்று தரும் பரிசு. தோள் தகட்டின் கீழ்ப் பாதியில் கடும் நிறம், மேல் பாதியில் வெளிர் நிறம் பூசுங்கள். இரண்டும் ஈரமாக இருக்கும்போதே, கழுவித் துடைத்த தூரிகையை எல்லையில் குறுக்காக மெதுவாக ஆட்டுங்கள். நிறங்கள் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து படிப்படியாக மாறும். உலர்ந்த நாட்டில் இதைச் செய்பவர்கள் காயும் வேகத்தைக் குறைக்கத் தனியாக ஒரு திரவம் கலப்பார்கள். விசிறியை நிறுத்திய கொழும்பு அறையில் அது பெரும்பாலும் தேவைப்படாது. ஒரு நேரத்தில் ஒரு தகடு மட்டும் செய்யுங்கள்.

கடைசியாக விளிம்பு. வெளிர் நிறத்தில் கொஞ்சம் தந்த வெள்ளை கலந்து, தூரிகையின் நுனியால் அல்லாமல் பக்கத்தால் விளிம்போடு இழுங்கள். வெளிச்சம் பார்க்கும் மேல் விளிம்புகளுக்கு மட்டும். தூய வெள்ளை கலந்தால் சுண்ணாம்புத் தன்மை வரும். கூர்மையான மூலைகளில் மட்டும் இன்னும் வெளிறிய ஒரு புள்ளி வையுங்கள்.

தலைக்கவசக் கண்ணாடி

கண் துளை முழுக்கக் கடும் சிவப்பு. முன்பக்கக் கீழ் மூலையை நோக்கி பிரகாசமான சிவப்பு, அந்த மூலையில் மட்டும் செம்மஞ்சள். எதிர் மூலையில், இருண்ட பகுதிக்குள், வெள்ளைப் புள்ளி ஒன்று. கண்ணாடிக்குள் வெளிச்சம் புகுந்து மறுபக்கத்தில் தேங்குவது மாதிரித் தெரியும். இந்த ஒரு வேலை உருவத்தின் தோற்றத்தையே மாற்றிவிடும், அவசரப்படாதீர்கள். முழங்கையை மேசையில் ஊன்றி, இரு மணிக்கட்டையும் ஒன்றோடொன்று முட்டவைத்தால் கை நடுங்காது.

உலோகமும் துருவும்

துருவைக் கற்க நமக்கு வேறு ஆசிரியர் தேவையில்லை. வெள்ளவத்தையில் கடலைப் பார்த்திருக்கும் ஜன்னல் கம்பிகளையும், கரையோர ரயில் பாதையின் ஆணிகளையும் பார்த்துவிட்டு வாருங்கள். துரு எங்கும் ஒரே மாதிரிப் பரவுவதில்லை. கம்பிகள் சேரும் மூட்டில், ஆணியின் அடியில், பெயின்ட் உதிர்ந்த விளிம்பில் தொடங்கும். பழையது கடும் பழுப்பு, புதியது செம்மஞ்சள். மழைநீர் வடியும் திசையில் நேர் கீழாகக் கறை இறங்கும்.

அதே வரிசையில் பூசுங்கள். பொதி சுற்றி வரும் கறுப்பு ஸ்பொஞ்சைப் பிய்த்து, கடும் பழுப்பில் தொட்டு, கடதாசியில் ஒற்றிவிட்டு, தகடுகளின் கீழ் விளிம்பில் லேசாகத் தட்டுங்கள். பெயின்ட் உதிர்ந்த தழும்புகள் விழும். பெரிய தழும்பின் அடியில் நூல் அளவு வெளிர் கோடு இட்டால் ஆழம் தெரியும். பிறகு நன்கு நீர்த்த செம்மஞ்சளை மூட்டுக்கும் ஆணிக்கும் அடியில் விட்டு, கீழ்நோக்கி இழுத்து மறையவிடுங்கள். துப்பாக்கிக்கும் குழாய்க்கும் கறுப்புப் பூசி, அதன் மேல் வெள்ளி, அதன் மேல் கறுப்பு வாஷ், விளிம்பில் மீண்டும் வெள்ளி. உலோகப் பெயின்ட் தொட்ட தண்ணீரை உடனே மாற்றுங்கள், மினுக்கத் துகள் அடுத்த நிறத்துக்குள் போய்விடும்.

தளம்

சிவப்புக் கோள் வேண்டுமா? கபுக் கல்லை எடுங்கள். கொழும்பின் பழைய மதில்கள் கட்டப்பட்ட அந்தக் கல்லின் சிவப்பு இரும்பு ஒக்சைட்டால் வருவது, செவ்வாயின் தூசிக்கும் நிறம் தருவது அதே இரும்பு ஒக்சைட்டுதான். உடைந்த துண்டொன்றை இடித்து, துணியால் சலித்து, வெயிலில் உலர்த்தி வையுங்கள். உருவம் நிற்கும் தளத்தில் பிவிஏ என்கிற வெள்ளைப் பசை தடவி, பருமனான துகளை முதலில் தூவுங்கள். மாவு போன்ற மெல்லிய தூளை உலர்ந்த தூரிகையால் வீரனின் காலணியிலும் முழங்கால் வரையும் தட்டினால், அவன் அந்த மண்ணில் நடந்துவந்தவனாகிவிடுவான்.

கடற்கரை மணல் எடுப்பதென்றால் பல தண்ணீரில் அலசுங்கள். உப்பு ஈரத்தை இழுத்து, பின்னால் வெள்ளையாகப் பூக்கும். காய்ந்த தும்பு நல்ல பட்டுப்போன புல். விண்கலத் தரைக்குப் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாப் பக்கம் கணினி திருத்தும் கடைகளில் ஒதுக்கிய சேர்க்கிட் பலகை கேட்டுப் பார்க்கலாம். அதை அறுக்கும்போது வரும் கண்ணாடி நார்த் தூள் கெடுதி, நனைத்து, முகமூடியோடு அறுங்கள். பேனாச் சுருள்கம்பி குழாயாகும், மாத்திரை அட்டையின் குமிழ் மூடியாகும்.

வார்னிஷும் பாதுகாப்பும்

வியர்வைக் கையோடு விளையாடும் ஊரில் வார்னிஷ் இல்லாத பெயின்ட் நிலைக்காது. மங்கல் வார்னிஷைப் போத்தலில் நன்றாகக் குலுக்குங்கள். மங்கலாக்கும் தூள் அடியில் படிந்திருக்கும், குலுக்காவிட்டால் பளபளக்கும். தூரிகையால் இரண்டு மெல்லிய படை, பள்ளத்தில் தேங்கினால் வெண்மை படியும். கபுக் தூள் தட்டிய இடத்தை இழுத்துத் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். இதற்கு ஸ்ப்ரே வார்னிஷ் மட்டும் வேண்டவே வேண்டாம். பிரைமரில் பூக்கும் அதே வெண்மை, முடித்த வேலையின் மேல் பூக்கும். காய்ந்த பிறகு தலைக்கவசக் கண்ணாடியில் மட்டும் பளபளப்பு வார்னிஷ் ஒரு துளி.

தூரிகையைச் சவர்க்காரக் கட்டியில் உருட்டிக் கழுவி, நுனியை விரலால் கூராக்கி, படுக்கவைத்து உலர்த்துங்கள். ஈரத்தோடு டப்பாவில் அடைத்தால் பூஞ்சணம், திறந்து விட்டால் ரோமத்தைப் பூச்சி அரிக்கும். முழுவதும் உலர்ந்த பிறகு சிலிக்கா ஜெல்லோடு மூடி வையுங்கள்.

நண்பர் வீட்டுக்கு விளையாடக் கொண்டுபோக, தளத்தின் அடியில் சின்னக் காந்த வில்லை ஒன்றை ஒட்டி, இரும்பு பிஸ்கட் டின்னில் நிற்கவையுங்கள். வாங்கும்போது டின்னில் காந்தம் பிடிக்கிறதா என்று பாருங்கள், அலுமினியத்தில் பிடிக்காது. ஒட்டிய காந்தத்தின் மேலும் ஒரு படை வார்னிஷ் போடுங்கள், பூச்சு கீறுப்பட்டால் அதுவும் துருப்பிடிக்கும். காலி ரோட்டில் (Galle Road) முச்சக்கரவண்டி எவ்வளவு குலுக்கினாலும் வீரர்கள் விழமாட்டார்கள்.